41-பி: மாற்றம் ஏதும் இல்லை

ஃபர்சானா இறந்த பத்தொன்பதாம் நாள், எங்கள் இருவரின் மலத்தையும் கேட்டு ஒரு பெட்டி வந்தது.

மரியாதையான பெட்டி. உள்ளே இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் பொருத்திய சிறு கரண்டி, இரண்டு ஐஸ் பொட்டலங்கள், ஒரு நன்றிக் கடிதம். ஒரு குழாயில் 41-ஏ என்று ஒட்டியிருந்தது. அது நான். இன்னொன்றில் 41-பி. அது என் மனைவி. இரண்டு குழாய்களும் வந்து சேராவிட்டால் எங்கள் வீடு ஆய்விலிருந்து நீக்கப்படும் என்று கடிதத்தின் கடைசி வரி வருத்தம் தெரிவித்தது. அந்த மாதம் எனக்கு வருத்தம் தெரிவித்தவர்களில் விஷயம் தெரியாமல் தெரிவித்தது அந்தக் கடிதம் மட்டும்தான்.

ஆய்வில் சேர்த்துவிட்டவள் அவள். செம்பவாங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மருந்துக் கவுண்டரில் வேலை பார்த்தாள். புதிதாகக் கல்யாணமாகி ஒரே வீட்டில் குடியேறும் ஜோடிகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நாளடைவில் ஒன்றுபோல் ஆகின்றனவா என்று ஒரு ஆய்வகம் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருவரும் மாதிரி கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகள். "மத்த ஜோடியெல்லாம் பாலிக்குப் போறாங்க மச்சான். நாம சயின்ஸுக்குப் போவோம்" என்றாள். போனோம்.

மூன்று சுற்று கொடுத்தோம். நான்காவதற்கு முன், கவுண்டரில் யாருடைய மருந்துச் சீட்டையோ படித்துக்கொண்டிருந்தபோது அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. வயது முப்பது. இதில் கிருமி எதற்கும் பங்கில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். நான்தான் கேட்டேன். யாரையாவது பிடித்துத் திட்டலாமே என்று.

இந்த ஊரில் ஒருவர் இறந்தால் அதைச் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. நான் சொல்லப் போன அலுவலகங்களுக்கெல்லாம் செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. திரையைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, இரங்கல் தெரிவித்தார்கள். எல்லாருக்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எங்கள் மார்க்கத்தில் கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற துக்கக் காலம் உண்டு. மனைவியை இழந்தவனுக்கு அப்படி எதுவும் கிடையாது. மூன்று நாள் போனதும் வேலைக்குப் போகலாம். போனேன். ஒரு மின்தூக்கி நிறுவனத்துக்கு அறிவிப்புகள் எழுதுவது என் வேலை. 'பழுது பார்க்கப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம். படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' அந்த மாதம் நான் எழுதியவை அனைத்தும் நன்றாக வந்திருந்ததாக மேலாளர் பாராட்டினார்.

ஆய்வகத்துக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் கோப்பில் ஃபர்சானா என்று யாரும் இல்லை. 41-பி என்று ஒருவர் இருந்தார். அவர் நலமாக இருந்தார்.

இரண்டு குழாய்களையும் நானே நிரப்பினேன்.

ஒரே நாளில் இரண்டையும் நிரப்புவது ஏமாற்று வேலை என்று பட்டதால், பி-யை மறுநாள் நிரப்பினேன். அதுவரை ஏ ஃபிரிட்ஜில் காத்திருந்தது. பிறகு வெள்ளைப் பையில் ஐஸோடு வைத்து, எம்ஆர்டி ரயிலில் ஏறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த சேகரிப்பு நிலையத்தில் கொடுத்தேன். ரயிலில் நாற்றமடிக்கும் டுரியான் பழம் கொண்டுவரக் கூடாது என்று பலகை இருந்தது. என் பையைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

கூடவே செயலியில் ஒரு கேள்வித்தாள். ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று. '41-பி: கடந்த மூன்று மாதங்களில் உங்கள் உடல்நிலையில் மாற்றம் ஏதும் உண்டா?' இல்லை என்ற கட்டத்தைத் தொட்டேன். பச்சையாக மாறியது. '41-பி: கடந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள்?' அவளுக்குப் பிடித்ததை எழுதினேன். மீ கோரெங் நூடுல்ஸ், காரம் தூக்கலாக. சனிக்கிழமை பராட்டா, மீன் குழம்பு. எழுதியபின் உறுத்தியது. எழுதியது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக அடுத்த சுற்றிலிருந்து அதையெல்லாம் நானே சாப்பிட்டேன். எனக்கு மீ கோரெங் பிடிக்காது. விஞ்ஞானத்துக்காகச் செய்தேன்.

நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. நான்கு சுற்றுகள் இப்படிப் போயின. ஏழாவது சுற்றுக்கு முன்பே வலது கடைவாய்ப்பல்லில் சீழ் கட்டியிருந்தது. மாதிரி கொடுப்பவர்கள் ஆண்டிபயாடிக் எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்தச் சுற்று செல்லாது என்பது விதி. விதியை மதித்தேன். ஒரு பக்கமாகவே மென்றேன்.

ஏழாவது சுற்று முடிந்து மூன்று வாரம் கழித்து மிரண்டா என்ற பெண் அழைத்தாள். ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். எங்கள் வீட்டுக் குறியீட்டைத் திறந்து பேசவே தனி அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னாள். நல்ல செய்தியாம், ஆனால் போனில் சொல்ல முடியாதாம், ஜோடியாக வந்தால் நன்றாக இருக்குமாம். மனைவிக்கு நேரமில்லை என்றேன். முழுப் பொய் என்று அதைச் சொல்ல முடியாது.

தேக்காவில், சேகரிப்பு நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கழுத்தில் சிறு சிலுவை. மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினாள். ஒரே வகை பாக்டீரியா எல்லார் குடலிலும் இருந்தாலும், ஆளுக்கு ஆள் அதன் கிளை வேறாம், குடும்பப்பெயர் மாதிரி. சேர்ந்து வாழ்பவர்களுக்குள் அந்தக் கிளைகள் கொஞ்சம் இடம் மாறும். சாதாரண ஜோடிகளுக்கு இருபது சதவீதம் ஒத்துப்போகும், ரொம்ப நெருக்கம் என்றால் முப்பது. திரையில் எல்லாக் கோடுகளும் கீழே ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நான்காம் சுற்றில் சுவரில் பல்லி ஏறுவதுபோல் செங்குத்தாக ஏறி, உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. தொண்ணூற்று ஆறு.

"இது நீங்க ரெண்டு பேரும்லா" என்றாள். கண் பளபளத்தது. "ட்யூப் மாறிப்போச்சோன்னு மூணு தடவ திரும்ப ரன் பண்ணிட்டேன் அண்ணா. ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா ஒண்ணு மாதிரியே இருக்கு. ஃபோர்த் ரவுண்டுக்கு முன்னாடி நீங்க என்ன மாத்துனீங்க? சாப்பாடா? வீடா?"

சேர்ந்து இருக்கும் நேரம் கூடியது என்றேன்.

அதைக் குறித்துக்கொண்டாள்.

அவளுடைய பேராசிரியர் பிரபாகர் இதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லையாம். மாநாட்டுக்குச் சுவரொட்டி அச்சாகிவிட்டதாம். அதன் படத்தையும் காட்டினாள். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'இல்லறம் குடலில் தெரியுமா?' நடுவில் எங்கள் கோடு, சிவப்பில். மூலையில் இரண்டு பாக்டீரியாக்கள் கை கோத்து நிற்பதுபோல் ஒரு சித்திரம். அவற்றுக்குக் கண்ணும் வாயும் இருந்தன. சிரித்துக்கொண்டிருந்தன.

நான் தேநீரைக் குடித்தேன். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். உலகத்தில் எத்தனையோ சுவரொட்டிகள் இருக்கின்றன. நானே பாதி எழுதியிருக்கிறேன்.

அவள் விடவில்லை. அடுத்த கட்டம் இதைவிட முக்கியம் என்றாள். திரும்பத் திரும்ப ஆண்டிபயாடிக் சாப்பிட்டுக் குடலில் நல்ல பாக்டீரியா எதுவும் மிச்சமில்லாத நோயாளிகள் இருக்கிறார்கள். காலியான இடத்தில் ஒரே ஒரு கெட்ட கிருமி குடியேறிக்கொண்டு வயிற்றுப்போக்காலேயே ஆளை முடித்துவிடும். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சுத்தப்படுத்தி அவர்களுக்குள் செலுத்தினால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இது வெகுநாளாக நடக்கும் சிகிச்சைதான். கேள்வி, யாருடையதைச் செலுத்துவது என்பது. பலமுறை சோதித்த வெளியாள் கொடையாளியா, வீட்டில் கூட இருக்கும் கணவன் மனைவியா? கணவன் மனைவிதான் என்று பிரபாகர் சார் வாதாடப் போகிறார். அதற்கு ஆதாரம் நாற்பத்தொன்றாம் வீடு.

"மருத்துவமனையில பன்னெண்டு பேஷண்ட் ரெடியா இருக்காங்க. உங்க டேட்டா இல்லன்னா இந்த ப்ரபோசலே நின்னிருக்காது அண்ணா. அக்காகிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெம்பனிஸில் மாமி வீட்டில் சாப்பாடு. ஃபர்சானாவின் உம்மா, பெயர் ஹலீமா. மகள் போன பின்னும் மருமகனை வாரம் ஒரு முறை வரவழைத்து நெய்ச்சோறு போடுகிறார். நான் ஒரு பக்கமாக மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கன்னம் பணியாரம் மாதிரி இருக்கு மாப்ள. டாக்டர்ட்ட போகலயா?"

மருந்து சாப்பிடக் கூடாது, ஓர் ஆய்வில் இருக்கிறேன் என்றேன். என்ன ஆய்வு என்றார். சொன்னேன். தவ்பா என்று சொல்லித் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஊர்ல உள்ள கிழவனுக்கெல்லாம் மருந்த முடிங்க, மருந்த முடிங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அவ சொன்னத ஊரே கேட்டுச்சு. வீட்டுல உள்ள ஆளு கேக்கல."

உண்மைதான். கவுண்டரில் அவளுக்கு அது ஒரு பல்லவி. பாதியில் நிறுத்தினால் சாகாமல் மிஞ்சுகிற கிருமிக்கு அந்த மருந்தே பழகிவிடும், பிறகு அதை எதனாலும் கொல்ல முடியாது என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவாள். பின்னால் வரிசை நீளும். தவறான மருந்து தவறான ஆளுக்குப் போவதைக் கண்டால் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருப்பாள். நான் பன்னிரண்டு பேருக்குத் தவறான மருந்து தரப்போகிறேன். அதுவும் அவள் பெயரில்.

திங்கட்கிழமை மிரண்டாவை அழைத்தேன். இந்த முறை சேகரிப்பு நிலையத்திலேயே, சின்ன அறை ஒன்றில் சந்தித்தோம். நாற்காலிக்குப் பின்னால் கை கழுவும் முறையைப் பற்றி ஓர் அறிவிப்பு. இலக்கணப்பிழை இரண்டு. எழுதியவன் நான் இல்லை.

"நாலாவதுல இருந்து ரெண்டு ட்யூபும் என்னோடது" என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகத்திலிருந்து ஏதோ இறங்கிப் போனது.

"அக்காவுக்குக் கொடுக்கப் பிடிக்கலன்னா விலகியிருக்கலாமே அண்ணா. ஒரு ஃபார்ம்தானே."

"அவ இறந்துட்டா. நாலாவது ரவுண்டுக்கு முன்னாடியே."

அவள் வாயைத் திறந்து மூடினாள். இரங்கல் சொல்லப் பயிற்சி பெறாதவள் என்று தெரிந்தது. பத்து மாதத்தில் நான் பார்த்த முதல் ஆள்.

"மனுஷ டிஎன்ஏவப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்" என்றாள் கடைசியில், தனக்குள் பேசுவதுபோல். பி-யின் குழாயில் ஆண் டிஎன்ஏ இருந்திருக்குமாம். ஆனால் பங்கேற்பாளரின் அந்தரங்கத்தைக் காக்க, மனித டிஎன்ஏவை முதல் வேலையாக அழித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும் என்று ஆய்வு நெறிமுறைக் குழுவின் உத்தரவு. என் அந்தரங்கம் மிகச் சிறப்பாகக் காக்கப்பட்டிருந்தது.

"எனக்கு உங்க மேல கோவம் வரணும். வருது. எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "போஸ்டர் பிரிண்ட் ஆயிடுச்சு."

வருந்துகிறேன் என்றேன். தொழில்முறையில் எனக்கு நன்றாக வரும் சொல்.

பிறகு அவள் விதியைச் சொன்னாள். பொய் மாதிரி கொடுத்த வீடு ஆய்விலிருந்து நீக்கப்படும். மாதிரிகள் அழிக்கப்படும்.

"நாலுல இருந்து ஏழு வரைக்கும்தானே?"

"இல்ல அண்ணா. எல்லாம். ஒண்ணுல இருந்து. ஏ, பி ரெண்டும்."

ஒன்று, இரண்டு, மூன்றாம் சுற்றுகளில் பி என்பது ஃபர்சானா. அதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. அந்தக் குழாய்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருக்கின்றன, மைனஸ் எண்பது டிகிரியில். உள்ளே இருப்பவை செத்துவிட்டனவா என்றேன். இல்லையாம். உறையும்போது சாகாமலிருக்க ஒரு திரவம் கலந்து வைத்திருக்கிறார்களாம். வெளியே எடுத்துச் சூட்டில் வைத்தால் அடுத்த நாளே வளருமாம்.

சுவா சூ காங் அடக்கத்தலத்தில் ஃபர்சானாவுக்குப் பதினைந்து ஆண்டு இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே உயிரோடு எதுவும் இல்லை. உயிரோடு இருந்ததெல்லாம் ஒரு ஃபிரீசரில், என் விரல் நீளக் குழாய் மூன்றில் இருந்திருக்கிறது. நான்தான் அதற்கு நாள் குறிக்க வந்திருக்கிறேன்.

"அந்த மூணையும் எனக்குக் கொடுத்துட முடியுமா?"

"வீட்டுக்கா?"

"ஃபிரிட்ஜ் இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான். உயிரியல் கழிவை வெளியே கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்றாள்.

"எரிப்பீங்களா? எங்க வழக்கத்துல எரிக்கிறது இல்ல."

"எரிக்க மாட்டோம் அண்ணா. ஆவியில வைப்போம். பிரஷர் குக்கர் மாதிரி ஒரு மெஷின். நூத்தி இருபத்தோரு டிகிரி, அரை மணி நேரம்."

"இட்லி மாதிரி."

"கொஞ்சம் அதிக நேரம்" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது. எனக்கு அந்த வசதி இல்லை.

விலகும் படிவத்தைக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் கட்டங்கள்: வீடு மாற்றம், வெளிநாட்டுப் பயணம், கர்ப்பம், ஆண்டிபயாடிக், ஆர்வமின்மை, மற்றவை. மற்றவையைக் குறித்து, பக்கத்தில் 'இறப்பு' என்று எழுதினேன். கீழே தேதி. அந்தச் சொல்லை என் கையால் எழுதிய முதல் படிவம் அதுதான். மற்ற இடங்களில் எல்லாம் அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அழிப்பார்கள். நான் வரலாமா என்றேன். வழக்கமில்லை என்றவள், கண்ணாடிக்கு வெளியே நிற்க அனுமதி வாங்கித் தந்தாள். அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் 'குடும்பம்' என்று எழுதினேன். ஆய்வகத்தில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் பதினான்கு குழாய்களும் கிடந்தன. ஃபர்சானாவுடையவை எவை, அவள் பெயரில் என்னுடையவை எவை என்று அங்கிருந்து தெரியவில்லை. மிரண்டா பையைத் தூக்கி இயந்திரத்துக்குள் வைத்தாள். கதவை மூடினாள். ஒரு பொத்தான். நாற்பது நிமிடம் ஒரு சிறு திரையில் எண்கள் ஏறி இறங்கின. நான் எதுவும் ஓதவில்லை. முடிந்ததும் அந்த இயந்திரம் மூன்று முறை பீப் என்றது, எங்கள் வீட்டு அரிசிக் குக்கரின் அதே சத்தத்தில்.

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பேராசிரியர் இரண்டு நாளாக அவளோடு பேசவில்லையாம். பன்னிரண்டு நோயாளிகளுக்கும் வெளியாள் கொடையாளிதான் என்று முடிவாகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினாள்.

"இது டேட்டா இல்ல, சும்மா. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்தேன். பாத்திருக்கக் கூடாது." முதல் சுற்றில் ஃபர்சானாவிடம் மட்டும் இருந்து என்னிடம் இல்லாத கிளைகள். ஏழாம் சுற்றில் என் குழாயில் இருந்தவை. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருந்தவற்றுக்கு மஞ்சள் தீட்டியிருந்தாள். பதினொன்று. "அவங்ககிட்டேருந்து உங்களுக்கு வந்தது. அவங்க போயும் உங்ககிட்ட இருக்கு. நார்மல்தான், எல்லா ஜோடிக்கும் நடக்கும்."

எல்லா ஜோடிக்கும் நடப்பதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். நடந்து தேக்கா வரை வந்தபின் கவனித்தேன், தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அன்று மாலை பல் டாக்டர். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தாடை வரை பரவியிருக்கும் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். சீழை எடுத்துவிட்டு இருபத்தொரு மாத்திரை கொடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று, ஏழு நாள்.

வீட்டுக்கு வந்து மேசையில் மாத்திரையையும் தாளையும் அருகருகே வைத்தேன். மிரண்டாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: இதைச் சாப்பிட்டால் அந்தப் பதினொன்றும் செத்துவிடுமா?

வெகுநேரம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். கடைசியில் பதில் வந்தது. 'சிலது போகும். சிலது இருக்கலாம். எதுன்னு முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது அண்ணா. பாக்கணும்னா சேம்பிள் வேணும்.' அடுத்த நொடி இன்னொன்று. 'சாரி. ஜோக் இல்ல.'

இத்தனை நாளாக ஒரு பல்லை அழுகவிட்டு ஒரு கேள்வித்தாளைக் காப்பாற்றியிருக்கிறேன். இப்போது காப்பாற்ற உண்மையாகவே ஏதோ இருக்கிறது, கையில் மாத்திரை இருக்கிறது. ஃபர்சானாவிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னால் வரிசை நின்றால்கூட ஐந்து நிமிடம் சொல்வாள்.

முதல் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன்.

நான்காம் நாளே வலி முழுவதும் போய்விட்டது. பன்னிரண்டு மாத்திரை போயிருந்தது, ஒன்பது மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டில் இரண்டு பக்கமாகவும் மென்றேன். மாமி பார்த்தார், இன்னொரு கரண்டி போட்டார்.

ஒன்பதையும் முடித்தேன்.